தோட்டத்து மண்ணின் அடியிலே: நெகிரி செம்பிலானில் கருங்கல் பிறந்த வரலாறு

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவை நோக்கிச் செல்லும் சாலை, புக்கிட் பூத்துஸ் என்னும் மலைக்கணவாயைக் கடந்து செல்கிறது. 1875ஆம் ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேயர் அனுப்பிய கூர்க்காப் படையினரும் யாம்துவான் அந்தாவின் வீரரும் பொருத களம் அது. நெகிரி செம்பிலானின் சரித்திரத்தை எழுதுவோர் அப்போரைத் தவறாமல் குறிப்பிடுவர். ஆனால் அக்கணவாய்க்கு அதனினும் மிகப் பழைய சரித்திரம் ஒன்றுண்டு. அது ஏட்டில் எழுதப்படாதது; மலையின் கல்லிலேயே படிக்கத்தக்கது.

மலைச்சரிவு வெட்டப்பட்ட இடங்களில் அதன் பக்கங்கள் விரிந்து கிடக்கின்றன. மேலே செம்மஞ்சள் நிற மண். அதன் கீழே, மண்ணுக்கிடையில் யானைக்கன்றுகள் படுத்துறங்குவனபோல் உருண்ட பாறைகள். இன்னும் ஆழத்தில், இரும்பு உளியும் எளிதில் ஏறாத திண்ணிய கருங்கல். காண்பதற்கு மூன்று பொருள்களாகத் தோன்றினும் இவை மூன்றும் ஒரே பொருளின் மூன்று நிலைகளாகும். அடியிலுள்ள கல் உருண்டைப் பாறையாகி, பாறை மண்ணாகியது.

அம்மலையின் மேற்கு அடிவாரத்திலும் தெற்கே ரெம்பாவ், தம்பின் வரையிலும் விரிந்த நிலத்தில்தான் கித்தாத் தோட்டங்கள் பல எழுந்தன. மூன்று நான்கு தலைமுறைத் தமிழர் அம்மண்ணில் நிரை பிடித்து நின்று பால் வெட்டினர். அவர்களுடைய வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் நாகப்பட்டினத்துக் கப்பல்துறையிலிருந்து தொடங்குவது வழக்கம். அவர்கள் வந்து சேர்ந்த மண் எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், நெருப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நீரா, நெருப்பா?

கருங்கல் எவ்வாறு உண்டாயிற்று என்பது ஐரோப்பிய அறிஞரிடையே நெடுநாள் வழக்காக இருந்தது. ஜெர்மனியில் பிரைபெர்க் நகரத்துச் சுரங்கக் கல்லூரியில் 1775ஆம் ஆண்டு முதல் ஆசிரியராக விளங்கிய ஆபிரகாம் வெர்னர், ஆதியில் உலகெங்கும் சூழ்ந்திருந்த கடலே எல்லாப் பாறைகளுக்கும் தாய் என்று கற்பித்தார். உப்பளத்தில் நீர் வற்றும்போது உப்புப் படிவதுபோல, அக்கடலில் கரைந்திருந்த பொருள்கள் முதன்முதலில் கருங்கல்லாகப் படிந்தன என்பது அவர் கொள்கை. அவருடைய மாணாக்கர் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தமையால் அக்கொள்கைக்குப் பெருஞ்செல்வாக்கு இருந்தது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் என்பார் இதனை மறுத்தார். 1785ஆம் ஆண்டில் எடின்பரோ அரசக் கழகத்தில் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் கிளென் டில்ட் என்னும் பள்ளத்தாக்கிற்குச் சென்று ஆற்றுப்படுகையை ஆராய்ந்தார். அங்கே செந்நிறக் கருங்கல், கறுத்த பழம்பாறையின் வெடிப்புகளுக்குள் கிளைகிளையாக நுழைந்திருக்கக் கண்டார். கருங்கல் கடலடியில் முதலில் படிந்ததாயின், பின்னர் வந்த பாறைக்குள் அது புகுந்திருக்க இயலாது. உருகிய நிலையில் கீழிருந்து எழுந்து, முன்னமே இருந்த பாறையைப் பிளந்துகொண்டு நுழைந்திருத்தல் வேண்டும். ஆகவே கருங்கல் நெருப்பின் பிள்ளை. அது துளைத்த பாறையைக் காட்டிலும் வயதில் இளையது. இவ்வாறு ஹட்டன் முடிவு செய்தார்.

எதிர்வாதம் செய்தோரிடம் வலிய கேள்வி ஒன்று இருந்தது. உருகிய பொருள் ஆறினால் கண்ணாடியாகத்தானே ஆகும். படிகங்கள் நிறைந்த கல்லாக எப்படி ஆகும் என்று அவர்கள் வினவினர். ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் இதற்கு விடை கண்டார். கண்ணாடி உலையொன்றில் தற்செயலாக மெல்ல ஆறிய கண்ணாடிக் குழம்பு, ஒளி புகாத கல்லைப்போல் உறைந்து கிடந்ததை அவர் அறிந்தார். உடனே கறுத்த எரிமலைப் பாறைத் துண்டுகளை உலையிலிட்டு உருக்கினார். விரைவில் குளிரச் செய்த குழம்பு கண்ணாடியாயிற்று; மெல்ல மெல்ல ஆறவிட்ட குழம்பு படிகங்கள் கொண்ட கல்லாயிற்று. 1798ஆம் ஆண்டில் இச்சோதனைகளை அவர் கழகத்தின் முன் வைத்தபோது ஹட்டன் உயிருடன் இல்லை. ஒரே குழம்பு ஆறும் வேகத்தைப் பொறுத்து வேறுவேறு கல்லாகும் என்னும் உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

கல் உருகும் மூன்று வழிகள்

பூமியின் உள்ளே எங்கும் நெருப்புக் குழம்பு நிறைந்திருப்பதாகப் பலர் எண்ணுவர். அது தவறு. பூமியின் மேலோடும் அதன் கீழுள்ள கவசமும் பெரும்பாலும் திண்ணிய கல்லேயாகும். ஆழத்தில் வெப்பம் மிகுதியாக இருப்பினும், மேலுள்ள பாறையின் பாரம் அதனை உருகவிடாமல் அழுத்தி வைத்திருக்கிறது. சில இடங்களில், சில காரணங்களால் மட்டுமே கல் உருகி 'மாக்மா' என வழங்கும் பாறைக்குழம்பாகிறது.

அக்காரணங்கள் மூன்று. முதலாவது, அழுத்தம் குறைதல். கடலடியில் நிலத்தட்டுகள் விலகும் இடங்களில், கீழிருந்து மேலேறும் சூடான பாறை தன்மீதுள்ள பாரம் குறைவதால் உருகுகிறது. இரண்டாவது, நீர் சேர்தல். உப்பிட்ட பனிக்கட்டி விரைவில் உருகுவதுபோல, நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். சுமாத்திராவின் எரிமலைகளுக்குக் காரணம் இதுவே. இந்துமாக்கடலின் அடித்தட்டு அத்தீவின் கீழ் அமிழும்போது அதிலுள்ள நீர் வெளிப்பட்டு மேலுள்ள பாறையை உருக்குகிறது. சுமாத்திராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் மலாயா நிலத்திலும் வந்து படிந்தது. மூன்றாவது, வெப்பம் மிகுதல். மலைகள் எழும் காலத்தில் நிலத்தின் ஓடு மடிந்து தடிக்கும்போது அதன் அடிப்பகுதி ஆழத்திற்கு அமிழ்ந்து சூடேறுகிறது. பாறையிலுள்ள யுரேனியம், தோரியம் முதலிய கதிரியக்கப் பொருள்களும் தம் பங்கிற்கு வெப்பம் ஊட்டுகின்றன. நெகிரி செம்பிலானின் கருங்கல்லுக்கு இம்மூன்றாம் வழியே தலையாய காரணம்.

குழம்பு ஆறும்போது எல்லாப் பொருள்களும் ஒரே சமயத்தில் உறைவதில்லை. கனடாவிற் பிறந்து வாஷிங்டன் நகர ஆய்வுக்கூடத்தில் உழைத்த நார்மன் போவென், உலையில் செயற்கைக் குழம்புகளை ஆற்றி இவ்வொழுங்கைக் கண்டறிந்தார். 1928ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. இரும்பும் மக்னீசியமும் மிக்க கருநிறக் கனிமங்கள் முதலில் பிரிந்து படிகமாகும். அவை நீங்கிய பின் எஞ்சும் குழம்பு வேறு இயல்புடையதாகிறது. வெண்மையான பெல்ஸ்பாரும் கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லும் இறுதியில் உறைகின்றன.

ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. கருங்கல் உருகாமலே, பழம்பாறைகள் மெல்ல உருமாறி உண்டானதென்று வாதிட்டோர் 1940களிலும் 1950களிலும் வலுவாக இருந்தனர். 1958ஆம் ஆண்டில் டட்டில் என்பாரும் போவெனும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நீரும் அழுத்தமும் சேர்ந்த நிலையில் ஏறக்குறைய 650 முதல் 700 டிகிரி வெப்பத்திலேயே கருங்கற்குழம்பு உண்டாகும் என்று காட்டியது. எரிமலைக் கரும்பாறைக் குழம்பிற்கோ 1,000 டிகிரிக்கு மேல் வேண்டும். நிலவோட்டின் அடியில் கிடைக்கக்கூடிய வெப்பமே கருங்கல்லைப் பிறப்பிக்கப் போதுமென்பது அதனால் உறுதிப்பட்டது. மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டில் வந்த ஆய்வு இது. கித்தாத் தோட்டங்கள் அப்போது அரை நூற்றாண்டைக் கடந்திருந்தன. தோட்டத்தின் அடியிலுள்ள கல் எவ்வாறு பிறந்தது என்பதை உலகம் ஐயமறத் தெரிந்துகொண்டது, அம்மண்ணில் இரண்டு தலைமுறையினர் உழைத்து முடித்த பிறகே.

அம்மி நகர்ந்த கதை

மலாயா தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்பது தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நீண்டு, நெகிரி செம்பிலானில் அது தாழ்ந்து அடங்குகிறது. 825 மீட்டர் உயரமுள்ள ஆங்சி மலையும், ரெம்பாவில் 884 மீட்டர் உயர்ந்து நிற்கும் டத்தோ மலையும் அதன் தென்கோடிச் சிகரங்களுட் சேர்ந்தவை.

'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது தமிழர் பழமொழி. அம்மி மட்டுமன்று, கண்டங்களும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கின்றன என்பதை 1960களில் நிலைபெற்ற நிலத்தட்டுக் கொள்கை விளக்கிற்று. இன்று ஒரே தீபகற்பமாகத் தோன்றும் மலாயா, முற்காலத்தில் இரண்டு வேறு நிலத்துண்டுகளாக இருந்தது. மேற்குத் துண்டிற்கு 'சிபுமாசு' என்று நிலவியலார் பெயரிட்டுள்ளனர். அது பண்டைய கோண்டுவானாப் பெருநிலத்திலிருந்து பிரிந்து வடக்கே மிதந்து வந்தது. கிழக்குத் துண்டு அதற்கு முன்பே வந்து நிலைத்திருந்தது. இரண்டிற்கும் இடையில் 'பழந்தெதிஸ்' எனப்படும் கடல் இருந்தது.

அக்கடலின் அடித்தட்டு கிழக்குத் துண்டின் கீழே அமிழ்ந்து, கடல் குறுகிக்கொண்டே வந்தது. இறுதியில் இரு நிலங்களும் மோதித் தைக்கப்பட்டன. அந்தத் தையல் இன்றும் தெரிகிறது. பகாங்கிலுள்ள ரவூப், பெந்தோங் நகரங்களைத் தொட்டுத் தெற்கே நெகிரி செம்பிலானின் கிழக்குப் பகுதி வழியாகச் செல்லும் ஒடுங்கிய பட்டையில், ஆழ்கடலடியில் படிந்த பாறைகளும் கடல்தரைக்கு உரிய பச்சைநிறக் கற்களும் நசுங்கிக் கிடக்கின்றன. கடல் மறைந்தது, அதன் அடிமண் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

மோதலால் மேற்கு நிலத்தின் ஓடு தடித்தது. அதன் அடிப்பகுதி சூடேறியது. கடலில் படிந்து இறுகிய பழைய களிமண், மணற்பாறைகள் முதலியன அங்கே உருகத் தொடங்கின. அப்பாறைகளிலிருந்த அப்பிரகம் சிதைந்தபோது விடுத்த நீர் உருகுதலுக்குத் துணைசெய்தது. உருகிய குழம்பு சுற்றுப்பாறையைவிட இலேசானதாகையால் மெல்ல மேலெழுந்தது. ஆனால் நிலத்தின் மேற்பரப்பை அது எட்டவில்லை. சில கிலோமீட்டர் ஆழத்தில், மூடிய பானையினுள் வைத்த கஞ்சிபோல, மெதுவாக ஆறியது. ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று இது. குழம்பு மீண்டும் மீண்டும் எழுந்து, ஒன்றன்மீது ஒன்றாகவும் ஒன்றன்பக்கம் ஒன்றாகவும் உறைந்தது. கருங்கல்லினுள் சிக்கியுள்ள சிர்க்கோன் என்னும் நுண்மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கணித்து, 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இத்தொடரின் வயதை ஏறக்குறைய 22 கோடியே 70 லட்சம் ஆண்டுமுதல் 20 கோடியே 10 லட்சம் ஆண்டுவரை எனக் காட்டியது.

மெல்ல ஆறிய அடையாளம் கல்லிலேயே இருக்கிறது. இத்தொடரின் கருங்கல்லில் கட்டைவிரல் நீளத்திற்கும் வளர்ந்த வெள்ளைப் பெல்ஸ்பார் படிகங்களைக் காணலாம். அவற்றைச் சூழ்ந்து கறுத்த அப்பிரகத் தகடுகளும் சாம்பல்நிறப் படிகக்கல்லும் நெருங்கி நிற்கும். அத்தகைய படிகம் வளர்வதற்கு நீண்ட அமைதி வேண்டும். விரைந்து ஆறிய குழம்பின் இயல்பை ஒப்பிட்டு அறிய வேண்டுவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கிம்மாஸ் வட்டாரத்துப் பாறை அடுக்குகளில் பண்டை எரிமலைச் சாம்பல் கலந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் ஜொகூரின் சிகாமட் பக்கத்தில், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின்மேல் வழிந்து உறைந்த எரிமலைக் கரும்பாறை உண்டு. அதன் படிகங்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை.

எஞ்சிய குழம்பும் ஈயமும்

குழம்பு உறைந்து முடியும் தறுவாயில், எந்தக் கனிமத்தினுள்ளும் எளிதில் இடம் பெறாத பொருள்கள் கடைசிச் சொட்டில் ஒதுங்குகின்றன. நீர், போரான், புளூரின், வெள்ளீயம், தங்ஸ்தன் ஆகியவை அவ்வாறு சேர்ந்தன. சூடான அந்நீர் கருங்கல்லின் உச்சியிலும் சுற்றுப்பாறையிலும் இருந்த வெடிப்புகளில் புகுந்து, படிகக்கல் நரம்புகளாக உறைந்தது. அந்நரம்புகளில் காசிட்டரைட் என்னும் ஈயத்தாது தங்கிற்று.

பின்னர் மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மலையைத் தேய்த்தன. மேல்மூடி கரைந்தது, கருங்கல் வெளிப்பட்டது, நரம்புகள் சிதைந்தன. காசிட்டரைட் நீரைப்போல் ஏழு மடங்கு எடையுள்ளது. ஆகையால் மணல் அடித்துச் செல்லப்பட்ட பின்னும் அது ஆற்றுப்பள்ளங்களில் தங்கியது. மரத்தாலான டூலாங் தட்டில் மணலை நீரோடு சுழற்றி, கனத்த ஈயத்தை அடியில் நிறுத்திய மாதர் செய்ததும், ஆறுகள் அதற்கு முன் செய்துவந்ததும் ஒரே வேலைதான்.

இந்த ஈயமே நெகிரி செம்பிலானின் பிற்கால அரசியலைத் திருப்பியது. லுக்குட், சுங்கை ஊஜோங், ஜெலுபு ஆகிய இடங்களுக்குச் சீனச் சுரங்கத்தொழிலாளர் திரண்டனர். ஆற்றில் ஈயம் இறக்கும் உரிமைக்கும் வரிக்கும் தலைவர்களிடையே பூசல் மூண்டது. 1874ஆம் ஆண்டில் சுங்கை ஊஜோங்கில் ஆங்கிலேயர் தலையிட்டதற்கு ஈயமே முதற்காரணம். 1891ஆம் ஆண்டில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து ரயில்பாதை திறக்கப்பட்டது. ஈயத்திற்காக வந்த ஆட்சியும் பாதையுமே பின்னர் கித்தாவிற்கும் வழிவகுத்தன. தென்கிழக்காசியாவின் ஈயப்பட்டை, உலகம் இதுகாறும் எடுத்த ஈயத்தில் பாதிக்கு மேல் தந்துள்ளது. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலக ஈயக் கழகத்தின் விலைத்தாங்கல் முறிந்தபோது சுரங்கங்கள் பல மூடப்பட்டன. அவற்றின் நினைவாக நின்றவை ஈயக்குட்டைகளே.

மண்ணின் விலை

1903ஆம் ஆண்டில் ஜே. பி. ஸ்கிரிவனர் என்பவர் கூட்டு மலாய் நாடுகளின் அரசாங்க நிலவியலாராக வந்து, பேராக்கின் பத்து காஜாவில் பணி தொடங்கினார். அவருடைய முதற்கவலை ஈயமே. 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'மலாயாவின் நிலவியல்' என்னும் நூலில் கருங்கல்லுக்கும் ஈயத்திற்கும் பெரிய இடம் உண்டு. ஆனால் அவர் மலைகளை அளந்து திரிந்த அதே ஆண்டுகளில், அடிவாரத்தில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

சுங்கை ஊஜோங்கில் முதலில் பயிரிடப்பட்டது காப்பி. 1890களில் அதன் விலை வீழ்ந்தது. 1896ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான மலாக்காவில் டான் சே யான் வாணிப முறையில் கித்தா பயிரிட்டார். அதன்பின் காப்பித் தோட்டங்கள் கித்தாத் தோட்டங்களாயின. லிங்கி, ரந்தாவ், லாபு, ரெம்பாவ், தம்பின் வட்டாரங்களில் காடு வெட்டப்பட்டது. 1907ஆம் ஆண்டில் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுவருவதற்கெனக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது.

அவர்கள் கால் வைத்த மண் கருங்கல்லின் சிதைவு. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் பெல்ஸ்பார் கரைந்து வெள்ளைக் களியாகிறது. கருநிற அப்பிரகத்திலுள்ள இரும்பு துருப்பிடித்து மஞ்சளும் சிவப்பும் தருகிறது. படிகக்கல் மட்டும் கரையாமல் பருமணலாக எஞ்சுகிறது. களியும் பருமணலும் கலந்த இந்த ஆழமான மண்ணிற்கு, ஜொகூரிலுள்ள ஊரொன்றின் பெயரால் 'ரெங்கம்' மண் என்று பெயர். மழைநீர் தேங்காமல் இறங்குவதாலும் வேர் ஆழ ஊன்ற இடமளிப்பதாலும் அது கித்தாவிற்கு உகந்தது. செம்பூரான்கல் மேலோட்டமாகக் கிடக்கும் நிலத்தில் வேர் ஓடாது, மரமும் தழைக்காது. எனவே ஒரு தோட்டத்தின் விளைச்சலிலும் ஒரு தொழிலாளி தன் வாளியில் சுமந்த பாலின் அளவிலும் பண்டைப் பாறைக்குழம்பிற்கும் பங்கு இருந்தது.

ஆயினும் இம்மண் வளமானதென்று கருதுவது பிழை. கோடிக்கணக்கான ஆண்டு மழை, சாம்பல் உப்பு முதலிய உணவுப் பொருள்களை அலசிக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய சிறு வளம் காட்டின் சருகு மூடிய மேற்பரப்பில் மட்டுமே இருந்தது. இங்கேதான் தொடக்ககாலத் தோட்டக்காரர் பெரும் பிழை செய்தனர். மரத்தடியில் ஒரு புல்லும் நிற்கலாகாது என்பது அவர்கள் கட்டளை. தமிழ்த் தொழிலாளர், பெண்களும் சிறுவர்களும் உட்பட, நாள்தோறும் சாங்குல் கொண்டு நிலத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கினர். மலைச்சரிவுகளில் மூடுபயிர் இல்லாத மண்ணை ஒவ்வொரு பருவ மழையும் கழுவி ஆற்றில் சேர்த்தது. அந்தச் சுத்தத்திற்கு மண்ணே விலையாயிற்று.

1920களிலும் 1930களிலும் இப்பிழை உணரப்பட்டது. 1925ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கொடிப்பயிரால் நிலத்தை மூடவும், சரிவின் குறுக்கே படிவெட்டு அமைக்கவும் வற்புறுத்தியது. அப்படிகளை மண்வெட்டியால் வெட்டியவர்களும் அதே தொழிலாளரே. புல்லைச் சுரண்டச் சொன்ன கட்டளைக்கும், மண்ணைக் காக்கச் சொன்ன கட்டளைக்கும் உழைத்தவை ஒரே கைகள். இழந்த மேல்மண்ணின் கணக்கு கம்பெனியின் பேரேட்டில் பதிவாகவில்லை. அது மீண்டும் உண்டாக வேண்டுமாயின் பல தலைமுறைகள் செல்லும். அதனடியிலுள்ள கல் மண்ணாவதற்கோ மனிதர் தலைமுறையைக் கொண்டு அளவிட இயலாத காலம் வேண்டும்.

பெடாஸின் வெந்நீர்

ரெம்பாவ் மாவட்டத்தில் பெடாஸ் என்னும் ஊரில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. மலைக்கடியில் இன்னும் பாறைக்குழம்பு கொதிக்கிறதோ என்று அங்கே செல்வோர் ஐயுறுவது இயல்பு. அந்த ஐயத்திற்கு இடமில்லை. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த குழம்பின் சூடு எப்போதோ தணிந்துவிட்டது. மழைநீர், கருங்கல்லிலுள்ள நீண்ட பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் சராசரி 25 முதல் 30 டிகிரி வெப்பம் ஏறும். கருங்கல்லிலுள்ள யுரேனியமும் தோரியமும் அதனைச் சற்று மிகுவிக்கின்றன. சூடேறிய நீர் வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலே வருகிறது. எரிமலை இல்லாத இலங்கையில் திருகோணமலைக்கருகே கன்னியாய் வெந்நீர் ஊற்றுகள் அமைந்திருப்பதற்கும் ஆழம் சென்று மீளும் நீரே காரணமாகக் கூறப்படுகிறது.

இரு நாட்டுக் கல்

தோட்டத்திற்கு வந்த தமிழருள் பலர் சேலம், திருச்சி, வடஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தோர். அவர்கள் விட்டுவந்த நிலமும் கல் நிறைந்ததே. ஆனால் அது வேறு குலத்துக் கல். சென்னைக்கருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் கருநீலக் கல்லிற்கு, 1893ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் 1693ஆம் ஆண்டில் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் அக்கல் வைக்கப்பட்டிருந்தமையே பெயருக்குக் காரணம். நிலவோட்டின் ஆழத்தில், மிகுந்த சூட்டில், நீர் வறண்ட நிலையில் உருவான கல் அது. அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. நெகிரி செம்பிலானின் கருங்கல் அதற்கு முன் நேற்றுப் பிறந்த குழந்தை.

பழங்கல்லின் நாட்டிலிருந்து இளங்கல்லின் நாட்டிற்கு வந்தவர்கள், இரண்டு கல்லையும் 'கருங்கல்' என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். லயத்து அடுக்களையில் மிளகாய் அரைத்த அம்மிக்கும், சாலையில் உடைத்துப் பரப்பிய சரளைக்கும், ரயில்பாதையின் அடியில் கொட்டிய கல்லுக்கும் அச்சொல்லே போதுமானதாக இருந்தது. நிலவியல் அதற்குள் பல குலங்களைப் பிரித்துக் காட்டுகிறது. மக்கள் வழக்கு அதன் உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

பிற்காலத்தில் கித்தா நிலம் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிற்று. நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்களில் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டன, தோட்டப் பள்ளிகள் சில பிள்ளைகளின்றிக் குறைந்தன, சில நகரத்திற்குப் பெயர்ந்தன. நிரையாக நின்ற மரங்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சுட்டிக்காட்ட இயன்ற காலம் போயிற்று. ஆனால் இயந்திரங்கள் குன்றை வெட்டும்போது அடியிலிருந்த உருண்டைப் பாறைகள் வெளியே வருகின்றன. பாட்டனார் படிவெட்டிய மண்ணின் கீழே இருந்தது எது என்பதைப் பேரப்பிள்ளைகள் நேரிற் காணும் வாய்ப்பு இது.

தீப்பாறை பற்றிய பாடம் வரும்போது தொலைநாட்டு எரிமலையின் படத்தைக் காட்டுவது ஆசிரியர் வழக்கம். நெகிரி செம்பிலானின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு அதனினும் நல்ல கருவி அருகிலேயே கிடைக்கும். வெட்டிய மேட்டிலிருந்து கைப்பிடியளவு கருங்கல் ஒன்றும், அதே மேட்டின் செம்மண் ஒரு பிடியும் போதும். மண்ணைக் குவளை நீரில் கலக்கினால் களி நீரில் நிற்கும், பருமணல் அடியில் தங்கும். அம்மணலை உள்ளங்கையிலிட்டு, கல்லிலுள்ள சாம்பல்நிறப் படிகக்கல்லுடன் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாயின், இரண்டும் ஒன்றே என்பதை அவர்களே கூறுவர்.